வாசகர் கேள்வி: விடப்போகும் மீனுக்கு எந்தத் தூண்டில் முள்?

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்துக்கு அப்பால் உள்ள பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் நானும் என் மகனும் ஞாயிற்றுக்கிழமைதோறும் செயற்கை இரை போட்டுத் தோமான் என்னும் விரால் இன மீனைப் பிடித்து, மறுபடியும் நீரிலேயே விட்டுவிடுகிறோம். கடையில் வாங்கிய இரையில் வயிற்றடியில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக இரண்டு மும்முனை முட்கள் உள்ளன. சென்ற வாரம் ஒன்று வாயிலும் மற்றது செவுளிலும் குத்திக்கொள்ள, கழற்றி முடிப்பதற்குள் மீன் துவண்டுவிட்டது. ஒற்றை முள் மாட்டினால் இரையின் ஆட்டம் கெட்டுவிடாதா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: விடுவதென்று முடிவு செய்துவிட்ட நீங்கள் அவசியம் மாற்றத்தான் வேண்டும். இரண்டு மும்முனை முட்கள் என்றால் ஆறு முனைகள். வாயில் ஒன்று பிடித்ததும் மீன் தலையை உதற, சும்மா தொங்கும் மற்றவை கண்ணையும் செவுளையும் தேடிப் போய்க் குத்துகின்றன. செவுளில் இரத்தம் கசிந்த மீன், நீந்திப் போனாலும் பிழைப்பது அரிது.

ஒற்றை முள் வாங்கும்போது அதன் காதை, அதாவது இரையின் வளையத்தில் மாட்டும் துளையை, கவனியுங்கள். சாதாரண முள்ளை இரையின் வளையத்தில் மாட்டினால் அது பக்கவாட்டில் திரும்பி நிற்கும். செயற்கை இரைக்கென்றே காதைத் திருப்பிச் செய்த முட்கள் நேராகத் தொங்கும். முன்முள்ளின் முனை இரையின் தலைப் பக்கமாகவும், வால்முள்ளின் முனை மேல்நோக்கியும் இருக்கட்டும். ஆட்டம் பற்றிய உங்கள் கவலை நியாயமானதே. ஒற்றை முள் எடை குறைவு என்பதால் மிதக்கும் இரை மேலும் எழும்பி, அசைவு மாறிவிடும்; ஆகவே பழைய முள்ளைவிட ஓரிரு அளவு பெரியதை மாட்டி, கரையோரத் தெளிந்த நீரில் இழுத்துப் பாருங்கள். தோமானின் தாடை மெல்லிய கம்பியை வளைத்துவிடும் என்பதால் தடித்த கம்பியாகவே தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் முனை முறிந்து தெறிக்கக்கூடும். கண்ணாடி அணிந்துகொண்டு, முறுக்காமல், இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்த வேண்டும். பழந்துணியில் குத்தி இழுக்கும்போது நூல் சிக்காமல் வந்தால் வேலை சரி. இப்படிச் செய்த முள்ளில் தூண்டில் நரம்பு தளர்ந்தால் மீன் நழுவும் என்பதை மகனுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். துள்ளும்போதும் நரம்பு விறைப்பாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: தோமான் காற்றையும் சுவாசிக்கும் மீன்தானே, படம் எடுக்கக் கரையில் சிறிது நேரம் வைத்திருக்கலாமா?
- அதே வாசகர்

பதில்: வேண்டாம். மூச்சு நிற்காது என்பது உண்மைதான், ஆனால் சுடுமண்ணிலும் உலர்ந்த கையிலும் அதன் மேல்வழுவழுப்பு உரிந்து, நோய் தொற்ற இடமாகிறது. கையை நனைத்துக்கொண்டு, வயிற்றையும் சேர்த்துத் தாங்கிப் படுக்கைவாட்டில் பிடித்து, ஒரு படத்தோடு விட்டுவிடுங்கள். ஆற்றில் செபாராவ் என்ற மீனைப் பிடித்தால் அந்த அவகாசமும் இல்லை. அதற்குச் செவுள் மட்டுமே மூச்சு, முள்ளை நீருக்குள் வைத்தே கழற்றிவிடுங்கள்.