டர்பனில் ஏது பனி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு நான்கு வயது. போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். நீலத் தாளில் அவள் கையை வெள்ளைச் சாயத்தால் பதித்து, ஐந்து விரலுக்கும் கண், மூக்கு, தொப்பி வரைந்து ஐந்து பனிமனிதர்கள் ஆக்கியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து "அம்மா, நம்ம வீட்டுக்கு எப்போ பனி வரும்?" என்று தினமும் கேட்கிறாள். இங்கே ஏது பனி? பார்க்காத ஒன்றைக் குழந்தையின் கையில் வரைவது சரியா? வீட்டிலேயே ஏதாவது செய்வோம் என்று உட்கார்ந்தால், ஒன்றரை வயதுச் சின்னவன் சாயத்தைக் கண்டதும் கையை இறுக மூடிக்கொள்கிறான். விரித்துவிட்டால் அழுகை. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் மகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பீனிக்ஸுக்குப் பனி வராது. ஆனால் காரில் சில மணி நேரம் போனால் டிராகன்ஸ்பெர்க் மலையில் குளிர்காலத்தில் வெள்ளைவெளேரென்று கிடக்கும். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் கொட்டிய பனியில் என்3 நெடுஞ்சாலையையே மூடினார்கள். லாரியும் காருமாக இரவெல்லாம் சாலையில் நின்றது நினைவிருக்கும். ஆக, பனி கட்டுக்கதை இல்லை, அது மலையில் பெய்கிறது என்று சொல்லுங்கள். நான்கு வயதுக்கு இது நன்றாகவே புரியும்.

எனக்குக் குறையாகப் படுவது வேறொன்று. அந்தத் தாளில் அவள் கை இருக்கிறது, அவள் பார்த்த குளிர்காலம் இல்லை.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார் என் பாட்டி. அவருக்குப் பனி என்றால் விடியற்காலைப் புல்லில் காலை நனைக்கிற ஈரம். இங்கே தை மாதம் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது. நமக்குக் குளிர் ஆனி, ஆடியில்தான். ஊரில் உடம்புக்குக் குளிர்ச்சி என்று குடிக்கிற ஆடிக்கூழை, இங்கே மாரியம்மன் கோயில் வாசலில் என் பிள்ளைகள் சூட்டுக்காக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பாட்டியின் பனியும் நம்முடையது இல்லை, பள்ளித் தாளில் வந்த பனியும் நம்முடையது இல்லை. அப்புறம் உங்கள் மகள் ஜூலையில் எதைத்தான் பார்க்கிறாள்?

கொடியில் காயும் துணியைப் பாருங்கள். கரும்பு வெட்டும் முன் தோகையைக் கொளுத்துவார்கள் இல்லையா, அந்தக் கரி நூல் நூலாக மிதந்து வந்து வெள்ளைச் சட்டையில் உட்காரும். தட்டினால் போய்விடும், தேய்த்தால் இழுத்துக்கொண்டு கறையாகும். என் மகன் சின்ன வயதில் அதைக் "கறுப்புப் பனி" என்றான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை இங்கே ஏற்றி வந்த முதல் கப்பலான ட்ரூரோவில் இறங்கியவர்கள் தொடங்கி, நம் முன்னோர் எத்தனையோ பேருக்குக் கை காய்த்துப்போனது இந்தக் கரும்பில். அந்தக் கரும்பை அவள் கையால் ஒருமுறை பதிக்கட்டும். பச்சை பூசிய கையை விரல் மேலாக வைத்து அழுத்தினால் தோகை. மேலே சுண்டுவிரல் நுனியால் கறுப்புப் பொட்டு, எத்தனை வேண்டுமோ அத்தனை.

கற்றாழையும் இப்போதுதான் சிவப்பாகப் பூத்து நிற்கிறது. விரல்கள் மடல், கட்டைவிரல் ரேகை பூ. தென்கரையில் தண்ணீர் குளிர்ந்ததும் மத்தி மீன் கூட்டம் கரையோரம் வருகிறது, சனங்கள் வாளியோடு ஓடுகிறார்கள். கையைப் படுக்கவாட்டில் பதித்தால் மத்தி. பெங்குயின் கேட்டால் அதுவும் செய்யலாம். ஆனால் நம் நாட்டுப் பெங்குயின், கேப் டவுன் பக்கம் போல்டர்ஸ் கடற்கரையில் இருப்பது, மணலில் நடப்பது. காலடியில் மணலையே வரையச் சொல்லுங்கள்.

சரி, பனி கேட்கிற பிள்ளைக்குப் பனியும் கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு நான் கடைச் சாயம் எடுப்பதில்லை. பச்சரிசி மாவுதான். மாக்கோலத்துக்குக் கரைப்பதைவிடக் கொஞ்சம் கெட்டியாக, வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். ரொம்பக் கெட்டியானால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். குளிர்ந்த சாயம் உள்ளங்கையில் பட்டால் எந்தக் குழந்தையும் கையை இழுக்கும். உங்கள் சின்னவன் மூடிக்கொள்வதில் பாதி அதுவாகக்கூட இருக்கலாம். வாயில் கொஞ்சம் போனாலும் பதற வேண்டியதில்லை.

கிண்ணத்தில் கையை முக்க வேண்டாம். முக்கினால் தாளில் ஒரு வெள்ளைத் திட்டுதான் விழும், விரல்கள் தனித்தனியாகத் தெரியாது. தூரிகையால் மெல்லிசாகப் பூசுங்கள். கருநீலத் தாளில் விரல்களை அகட்டி மேல்நோக்கி வைக்கச் சொல்லி, அவள் புறங்கைமேல் உங்கள் கையை வைத்து விரல் விரலாக அழுத்துங்கள். எடுக்கும்போது நேராகத் தூக்க வேண்டும். எடுத்ததும் ஒன்றுமே வரவில்லை என்று தோன்றும், வெறும் ஈரத் தடம்தான் இருக்கும். கழுவப் போகாமல் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஓரத்தில் தொடங்கி, விரல் விரலாக, உள்ளங்கை வரை வெளுத்துக்கொண்டே வரும். மாக்கோலம் போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும் அது. பனி வருகிறதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறாள். இதற்காகவே நான் அரிசி மாவை விடமாட்டேன்.

அந்த ஐந்து விரலுக்கும் கண் மூக்கு வேண்டாம். டிராகன்ஸ்பெர்க்குக்கு சூலு மொழியில் உகாஹ்லாம்பா என்று பெயர், ஈட்டிகளின் அரண் என்று பொருள். நிமிர்ந்த ஐந்து விரலும் அப்படியே பனி மூடிய சிகரங்கள்தான். கட்டைவிரல் இழுபட்டுப் போனால் அதுவும் ஒரு சரிவு, தூரிகை எடுத்துத் திருத்தாதீர்கள். பின்பக்கம் தேதி மட்டும் எழுதி வையுங்கள். அடுத்த ஜூலையில் இதே இடத்தில் கையை வைத்துப் பார்ப்பாள்.

இப்போது சின்னவன். அவன் கையை விரிக்கவே வேண்டாம். கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை கிருஷ்ணர் பாதம் வைப்போமே, எப்படி வைக்கிறோம்? மூடிய கையின் சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துப் பதிப்போம். மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு. குழந்தைப் பாதம் வந்துவிடும். அவன் கையோ ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் மாவைத் தடவி, தாளில் அவன் இஷ்டத்துக்குக் குத்த விடுங்கள். ஐந்து விரல் பொட்டை அக்காக்காரி வைக்கட்டும். தாளின் அடியில் தொடங்கி அவள் மலை வரைக்கும் தம்பியின் பாதம் ஏறிப் போகும். இடதுகால், வலதுகால் மாறி மாறி வர இரண்டு கையும் வேண்டும். ஒரே கையால்தான் குத்துவேன் என்று அவன் அடம்பிடித்தால், நொண்டியடித்தே ஏறட்டும்.

அன்புடன்,
அக்கா