செருப்பு எங்கே போச்சு? – படப்புத்தக மதிப்புரை பற்றிக் கேள்வி பதில்

குழந்தைகளின் படப்புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதத் தொடங்கியிருக்கும் பெற்றோர்கள், ஆசிரியர்கள், நூலகத்தில் வாசித்துக் காட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பிறந்த குழந்தை முதல் ஏழு வயது வரையிலானவர்களுக்கான புத்தகங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கேள்வி: அக்கா, ஒரு படப்புத்தகம் ஐந்தே நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. "படங்கள் அழகு, கதை நன்று, குழந்தைகள் ரசிப்பார்கள்" என்று எழுதியதும் மேற்கொண்டு கை ஓடவில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: ஐந்து நிமிஷத்தில் நீங்கள் படித்தது எழுத்தை மட்டும்தான். படத்தை இன்னும் படிக்கவில்லை. எழுத்துத் தெரியாத குழந்தை படத்தை மட்டும்தான் படிக்கிறது. யாருக்காக அந்தப் புத்தகம் அச்சானதோ அவர் படிக்கும் பாதியை விட்டுவிட்டு மதிப்புரை எழுத உட்கார்ந்தால் கை எப்படி ஓடும்?

ஒரு தாளை எடுத்து எழுத்தை மறைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். கதை எவ்வளவு புரிகிறது என்று குறித்து வையுங்கள். அடுத்து, படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். இரண்டும் ஒன்றையே சொன்னால் அதில் ஒன்று வெறும் அலங்காரம். எழுத்து சொல்லாததைப் படமும், படம் காட்டாததை எழுத்தும் சொல்லும்போதுதான் அது படப்புத்தகம்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968-ல் வந்த 'ரோஸீஸ் வாக்'. ஆங்கில மூலத்தில் மொத்தமே 32 சொற்கள், ஒரே வாக்கியம். ஒரு கோழி உலாவக் கிளம்பி, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போரைத் தாண்டி, நேரத்துக்கு வீடு திரும்புகிறது. எழுத்தில் நடப்பது அவ்வளவுதான். படத்திலோ கோழியின் பின்னாலேயே ஒரு நரி பதுங்கி வருகிறது. பாயும்போதெல்லாம் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்கிறது. நரி என்ற சொல் புத்தகத்தில் ஓர் இடத்திலும் கிடையாது. வாசித்துக் காட்டும் அம்மாவின் வாயில் வராத விஷயம் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. "நரி! நரி!" என்று அது கத்தும். அந்த வயதில் பெரியவர்களுக்கு முன்னால் தனக்கு ஒன்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம்!

அப்புறம், பக்கம் திருப்பும் இடங்களைப் பாருங்கள். படப்புத்தகங்களில் பெரும்பாலானவை 32 பக்கம். அச்சில் பெரிய தாளை மடிக்கும்போது 8, 16 என்று பக்கங்கள் விழுவதால் வந்த கணக்கு அது. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 12 முதல் 14 விரிபக்கங்கள், அதாவது புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டிரண்டு பக்கங்கள். ஓவியர் இந்தக் கொஞ்ச இடத்தை எப்படிச் செலவழித்திருக்கிறார்? "மெதுவாகக் கதவைத் திறந்தாள்…" என்ற வரி வலப்பக்கத்தின் கடைசியில் வந்து, கதவுக்குப் பின்னால் நிற்கும் கரடி அடுத்த பக்கத்தில் இருந்தால், திருப்பும் அந்த ஒரு நொடியில் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதே கரடியை எதிர்ப்பக்கத்திலேயே வரைந்து வைத்திருந்தால், நீங்கள் வரியை முடிப்பதற்குள் குழந்தை கரடியைப் பார்த்து முடித்திருக்கும்.

மூன்றாவது முறை ஒரு குழந்தையோடு படியுங்கள். நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு மழைக்கதை ஒன்று வாசித்துக்கொண்டிருந்தேன். கதையில் வரும் சிறுமியின் ஒரு செருப்பு சேற்றில் சிக்கி நின்றுவிடும். அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் என் கையைப் பிடித்து நிறுத்தினான். பக்கத்தைப் பின்னால் திருப்பினான், முன்னால் திருப்பினான். "செருப்பு சேத்துலதானே இருக்கு, அப்புறம் எப்படி ரெண்டு காலுலயும் செருப்பு?" என்றான். புத்தகத்தை அதற்கு முன் நான் இரண்டு முறை படித்திருந்தேன். சிறுமியின் முகத்தையே பார்த்திருந்தேன், காலைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து குழந்தையின் விரல் எங்கே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் நான் மதிப்புரை எழுதுவதில்லை.

கேள்வி: நல்ல விஷயம் எதுவும் கற்றுத் தராத, வெறும் சிரிப்பு மட்டும் இருக்கும் புத்தகத்தைப் பரிந்துரைக்கலாமா? பெற்றோர்கள் "இதில் என்ன நீதி?" என்று கேட்கிறார்கள்.

பதில்: தாராளமாகப் பரிந்துரையுங்கள். சிரிப்பு வர வேண்டுமென்றால் குழந்தைக்கு முதலில் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். யானை தொப்பி போட்டுக்கொண்டு குருவிக்கூட்டுக்குள் நுழையப் பார்க்கிறது என்றால், யானை எவ்வளவு பெரியது, கூடு எவ்வளவு சின்னது, என்ன ஆகப்போகிறது என்ற மூன்றையும் கணக்குப் போட்ட பிறகுதான் குழந்தை சிரிக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது, ஒருவர் முகத்தைப் பார்த்து மனசைப் படிப்பது, முன்னே நடந்ததையும் பின்னே நடந்ததையும் இணைப்பது எல்லாம் கல்விதான். வேடிக்கை ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று இந்த வயதில் பிரிக்க முடியாது.

நீதிக்கதைகளை நான் எதிர்க்கவில்லை. எனக்கு ஒரு சோதனை உண்டு. கடைசிப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு படிப்பேன். "அன்றிலிருந்து அவன் பொய்யே சொல்லவில்லை" என்ற வரி இல்லாமலேயே பொய் சொன்னவனின் சங்கடம் குழந்தைக்குப் புரிகிறது என்றால் அந்த நீதி கதைக்குள்ளேயே இருக்கிறது. கடைசி வரியை எடுத்ததும் எதுவும் மிஞ்சவில்லை என்றால் அது கதை வேஷம் போட்ட அறிவுரை. மதிப்புரையில் அதைத் தயங்காமல் எழுதுவேன். பெற்றோர் நீதி கேட்டால், "கதையில் யாருக்காக உங்கள் குழந்தை வருத்தப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

கேள்வி: கதைப் புத்தகத்தில் அறிவியல் தப்பு இருந்தால் எவ்வளவு கண்டிப்பாக இருக்கலாம்?

பதில்: புத்தகம் எதற்கு உறுதி கொடுக்கிறது என்று பாருங்கள். முயல் சட்டை போட்டுக்கொண்டு பேசினால் அது விளையாட்டு என்று குழந்தைக்கே தெரியும். அதே முயல் உண்மையான வயலில் உண்மையான செடியைத் தின்றால், செடி சரியாக இருக்க வேண்டும். எரிக் கார்ல் 1969-ல் கொடுத்த புகழ்பெற்ற பசிக்காரப் புழு புத்தகத்திலேயே புழு ஒரு பட்டுக்கூட்டுக்குள்ளிருந்து பட்டாம்பூச்சியாக வெளியே வருகிறது. பட்டுக்கூடு நூற்பது பெரும்பாலும் அந்திப்பூச்சிகளின் வேலை. பட்டாம்பூச்சிகளில் அநேகமாக எல்லாம் கூடு நூற்காமல் வெற்றுக் கூட்டுப்புழுவாகத் தொங்குபவை. அதற்காக அந்தப் புத்தகத்தை நான் ஒதுக்க மாட்டேன். அதன் பக்கங்களில் இருக்கும் ஓட்டைகளுக்குள் விரலை விட்டுக்கொண்டே எண்ணக் கற்ற குழந்தைகள் எத்தனை பேர்! ஆனால் மதிப்புரையில் ஒரு வரி சேர்ப்பேன், வாசித்துக் காட்டும்போது பெரியவர் சொல்லிக்கொள்ளலாம்.

'விலங்குகளை அறிவோம்' என்ற மாதிரித் தலைப்போடு வந்தால் என் கண் வேறு மாதிரி பார்க்கும். சிலந்திக்கு ஆறு கால் வரைந்திருப்பார்கள், எட்டு இருக்க வேண்டும். எட்டு வரைந்தாலும் அவற்றைப் பின் உடம்பில் ஒட்டிவிடுவார்கள். கால்கள் முளைப்பது முன் உடம்பில். துருவக்கரடியும் பெங்குவினும் ஒரே பனிப்பாறையில் நிற்கும். கரடி வடதுருவப் பகுதியில் வாழ்வது, பெங்குவின்கள் தென்பாதி உலகத்துக்காரர்கள். பிறைநிலாவின் வளைவுக்குள் நட்சத்திரம் மின்னும். அந்த இருட்டும் நிலாவின் உடம்புதானே, அதைத் துளைத்துக்கொண்டு நட்சத்திரம் எப்படித் தெரியும்? வானவில்லில் சிவப்பு உள்பக்கம் போயிருக்கும், அது வெளி வளைவில் வர வேண்டும். தகவல் புத்தகத்தில் இப்படி இரண்டு தப்பைப் பார்த்தால் பரிந்துரைப்பதில்லை. மூன்று வயதில் மனதில் பதிந்த படத்தை எட்டு வயதில் அழிப்பது கஷ்டம்.

கேள்வி: அட்டையில் "3 முதல் 6 வயது வரை" என்று போட்டிருக்கிறார்கள். அதை அப்படியே எழுதலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்: "ஒரு பக்கத்தில் ஆறு வரி இருக்கிறது, இரண்டரை வயதுக்காரி மூன்றாவது வரியில் பக்கத்தைத் திருப்பப் பார்த்தாள்." பெற்றோருக்கு அது போதும். பிறந்த சில வாரக் குழந்தைக்குக் கிட்டத்தட்ட 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். கறுப்பு வெள்ளை, அழுத்தமான கோடு, பக்கத்துக்கு ஒரு உருவம் போதும். ஆறு மாதத்துக்குமேல் புத்தகம் வாய்க்குள் போகும். அதனால் கெட்டி அட்டை, மழுங்கிய முனை, சாயம் ஒட்டாத அச்சு இருக்கிறதா என்று ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தே எழுதுங்கள்.

கேள்வி: என் மகள் ஒரே புத்தகத்தைத் தினமும் கேட்கிறாள். எனக்கு அலுத்துப்போய்விட்டது. இதை மதிப்புரையில் எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: புத்தகத்துக்குக் கிடைத்த பெரிய பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், வெவ்வேறு கதைகளில் அதே புதுச்சொற்களை அதே எண்ணிக்கையில் கேட்ட குழந்தைகளைவிட அந்தச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். கதை தெரிந்துவிட்டதால் கவனம் சொற்களுக்குப் போக இடம் கிடைக்கிறது. பத்தாவது தடவை படிக்கும்போது உங்கள் மகள் எந்தப் பக்கத்துக்காகக் காத்திருக்கிறாள் என்று பாருங்கள். உங்கள் மதிப்புரையின் முதல் வரி அந்தப் பக்கம்தான்.

கேள்வி: தமிழ் நடையைப் பற்றி எதைக் கவனிக்க வேண்டும்? மொழிபெயர்ப்புப் புத்தகங்கள் வாயில் நுழையவே மாட்டேன் என்கின்றன.

பதில்: எனக்கு ரொம்ப வலிக்கிற இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். "பூனை தனது இருப்பிடத்தை விட்டு வெளியேறியது" என்று நான்கு வயதுப் புத்தகத்தில் ஏன் எழுத வேண்டும்? "பூனை வெளியே வந்தது" என்றால் போதாதா? வாய்விட்டுப் படிக்கும்போது எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். புத்தகம் முடியும்போது பத்துப் புள்ளி இருந்தால் அதை எழுதிவிடுங்கள். உதாரண வரி ஒன்றையும் காட்டுங்கள்.

ஓசையைப் பாருங்கள். நம் மொழியில் ஓசைச் சொற்களுக்கா பஞ்சம்? இலை சலசலக்கும், பாம்பு சரசரவென்று போகும், மழை சடசடவென்று கொட்டும், மாங்காய் தொப்பென்று விழும், தவளை தொபுக்கடீர் என்று குளத்தில் குதிக்கும். இவ்வளவு இருக்க, தவளை குதிக்கும் படத்துக்குமேல் பெரிய எழுத்தில் "ஸ்ப்ளாஷ்" என்று அப்படியே விட்டுவைத்த மொழிபெயர்ப்பைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. குழந்தை கூடச் சேர்ந்து கத்த வேண்டிய இடம் அது.

பாட்டாக எழுதியிருந்தால் எதுகைக்காக அர்த்தம் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கதை சொல்லும் வரி எளிய எழுத்துத் தமிழிலும், கதாபாத்திரம் பேசுவது பேச்சுத் தமிழிலும் இருப்பது எனக்குப் பிடிக்கும். முழுக்கப் பேச்சுத் தமிழில் இருந்தாலும் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: படத்தில் வரும் ஆட்களைப் பற்றி எழுதுவது அவசியமா? கதை நன்றாக இருந்தால் போதாதா?

பதில்: எண்ணிப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். மரம் ஏறுவது யார், கீழே நின்று கைதட்டுவது யார்? கறுப்பாக இருப்பவர் கதாநாயகியா, கூட்டத்தில் ஒருத்தியா? சக்கர நாற்காலியில் இருக்கும் பையன் விளையாடுகிறானா, மற்றவர்கள் இரக்கப்படுவதற்காக மட்டும் இருக்கிறானா? குழந்தை இலக்கிய அறிஞர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-ல், புத்தகங்கள் குழந்தைகளுக்குக் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். தன் முகமே எந்தப் புத்தகத்திலும் தெரியாத குழந்தை, புத்தகம் வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொள்ளும். ஒரு புத்தகத்தால் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பதும் உண்மை. ஆகவே, தனிப் புத்தகத்தைக் கண்டிப்பதைவிட, நீங்கள் பரிந்துரைத்த இருபது புத்தகங்களை வரிசையாக வைத்து எண்ணுவது நியாயம்.

கேள்வி: பயமுறுத்தும் படங்கள் இருந்தால்?

பதில்: பயம் எந்தப் பக்கத்தில் வருகிறது, எந்தப் பக்கத்தில் தீர்கிறது என்று எழுதிவிடுங்கள். முடிவு பெற்றோருடையது.

கேள்வி: மோசமான புத்தகத்தைப் பற்றி எழுதினால் எழுதியவர் மனம் நோகாதா?

பதில்: நோகும். அதனால்தான் "சுமார்", "ஏமாற்றம்" போன்ற சொற்களை விட்டுவிட்டு, பக்க எண்ணோடு பேசுங்கள். "12, 13-ஆம் பக்கங்களில் குழந்தையின் முகம் நடு மடிப்புக்குள் விழுந்துவிட்டது, புத்தகத்தை முழுக்க விரித்தாலும் ஒரு கண்தான் தெரிகிறது" என்று எழுதினால் அடுத்த பதிப்பில் திருத்த முடியும். யார் தப்பு என்பதையும் பார்த்து எழுதுங்கள். வெளிறிய அச்சுக்கு ஓவியரைத் திட்டக் கூடாது.

கேள்வி: அக்கா, முதல் கேள்வி கேட்டவள் நான்தான். நீங்கள் சொன்னபடி எழுத்தை மறைத்துவிட்டுப் பார்த்தேன். இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "படங்கள் அழகு. கதை நன்று. குழந்தைகள் ரசிப்பார்கள். தாத்தா 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லும் பக்கத்தில் அவர் கை மட்டும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. என் மகன் அந்தக் கையைத் தடவிக் கொடுத்தான்." சரியாக இருக்கிறதா?

பதில்: முதல் மூன்று வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். மற்றதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். தலைப்புக்குக் கீழே எழுத்தாளர் பெயர் மட்டும் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குழந்தை இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதுகூட 1956-ல் எழுத்தாளர்களுக்கு மட்டும் தொடங்கி, ஓவியர்களுக்குத் தனியாக வழங்க 1966 வரை ஆனது. அந்தக் கையை வரைந்தவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.