வட இங்கிலாந்தில் 'பஸ்' ஏன் 'புஸ்' ஆகிறது? அது தவறான உச்சரிப்பா?

தவறில்லை, பழைய உயிரொலியைக் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் வடக்கத்தியர்தான். படிப்பதற்காக லீட்ஸ் நகருக்குச் சென்ற புதிதில், கடைக்காரம்மா ஒருவர் மீதிச் சில்லறையைத் தரும்போது என்னை 'லுவ்' என்று அழைத்தார். நம்மூரில் 'கண்ணு' என்பதைப் போன்ற அந்த விளி, நான் பள்ளியில் 'லவ்' என்று படித்த சொல்தான் என்பது விளங்கச் சில நாள்கள் ஆயின.

ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுவதும் 'கப்', 'பட்', 'சன்' முதலிய சொற்களில் உகரக் குறிலே ஒலித்தது. 17ஆம் நூற்றாண்டில் தெற்கில் அது வாய் திறந்த, அகரத்தை ஒத்த ஒலியாக மாறியது. ஆனால் 'புட்', 'ஃபுல்' போன்ற சொற்களில், முன்னுள்ள இதழொலியின் (உதடுகளால் பிறக்கும் ப, ஃப போன்ற ஒலியின்) குவிவினால், பெரும்பாலும் உகரம் தப்பித்துக்கொண்டது. 'u' என்ற ஒரே எழுத்தால் எழுதப்படும் 'பட்'டும் (but) 'புட்'டும் (put) தெற்கில் வெவ்வேறாக ஒலிப்பதும், அந்தப் பிளவு நிகழாத வடக்கில் எதுகையாக அமைவதும் இதனால்தான். 'பஸ்' 19ஆம் நூற்றாண்டில் வந்த சொல்லே என்றாலும், இவ்விடத்தில் வடக்கத்தியரிடம் இருந்தது உகரம் ஒன்றே ஆகையால் அது 'புஸ்' ஆயிற்று. 'பாத்' (bath), 'கிராஸ்' (grass) ஆகியவற்றை அவர்கள் குறிலாகச் சொல்வதும் தெற்கில் பின்னர் வந்த நெடிலை ஏற்காததன் விளைவே.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு ஆர்ட்டன் நடத்திய வட்டார வழக்குக் களஆய்வு, 1950 முதல் 1961 வரை 313 ஊர்களில் பெரும்பாலும் முதியவர்களிடம் கேட்டு இத்தகைய எல்லைகளைப் பதிவு செய்தது. அந்த உழைப்பின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

இன்னும் வடக்கே நியூகாசிலின் பழைய பேச்சில் 'டவுன்' என்பது 'டூன்'. ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் ஒன்றையொன்று தள்ளி இடம்பெயர்ந்த காலத்தில் அங்கே ஓகாரம் வாயின் முன்பக்கம் நகர்ந்துவிட்டதால், ஊகாரத்தைக் கீழிருந்து தள்ள எதுவும் இல்லாமல் அது நிலைத்துவிட்டது. அந்நகரக் கால்பந்து அணியை இன்றும் அப்பெயராலேயே அழைக்கிறார்கள்.

நீங்கள் யார்க்‌ஷயருக்குச் செல்வதாக இருந்தால், 'கேக்', 'ரோடு' ஆகியவற்றில் நாம் சொல்லும் ஏகார ஓகாரங்களை மாற்றிக்கொள்ள வேண்டாம். தெற்கத்தியர் இரண்டு ஒலிகளாக இழுக்கும் அவற்றை, அங்குள்ள பலரும் நம்மைப் போலவே ஒரே நெடிலாகத்தான் ஒலிக்கிறார்கள்.