பரணையும் பாருங்கள்: கணினி கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்துமே கணினியை அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாகப் போடுவது பற்றியவை. முதல் கடிதத்துக்கு நீண்ட பதில் சொல்லப்போகிறேன். அதில் இருக்கும் ஒரு சொல் என்னைப் பழைய நாளுக்குக் கொண்டுபோய்விட்டது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 2013இல் வாங்கிய என் மடிக்கணினி திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. கடையில், "ஃபார்மட் செய்துவிடலாம், 500 ரூபாய்" என்கிறார்கள். எங்கள் பகுதிக் கோயில்கள், கண்மாய்கள் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுகளாக வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்புகள் அதில் இருக்கின்றன. நம்பிக் கொடுக்கலாமா?
– வாசகர், அறந்தாங்கி

பதில்: ஐயா, இன்றைக்குக் கொடுக்காதீர்கள்.

கணினி மெதுவானால் உடனே ஃபார்மட் என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் உங்கள் கணினிக்கு அதுதான் மருந்து என்று தோன்றவில்லை. 2013 மடிக்கணினி என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற பத்தியின் மேல் 100 சதவீதம் என்று நெடுநேரம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலத்தில் 'குட்' என்று வந்தால் கவலையில்லை. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் டிஸ்கின் சில பகுதிகள் கெடத் தொடங்கிவிட்டன என்று பொருள். அதன்மேல் ஃபார்மட் செய்து விண்டோஸ் போடுவது, கரையான் அரித்த உத்தரத்துக்கு வெள்ளையடிப்பதுதான்.

டிஸ்க் எந்த நிறத்தைக் காட்டினாலும் நான் சொல்லும் வழி ஒன்றுதான். இரண்டரை அங்குல எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி, பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். புதிய விண்டோஸ் புதியதில் ஏறட்டும். பழைய டிஸ்கை யாரும் தொட வேண்டாம், அழிக்க வேண்டாம். ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, உங்கள் பீரோவில் வையுங்கள். எதை நகலெடுக்க மறந்தாலும் அது அங்கே இருக்கும். அடுத்த ஓராண்டுக்கு அந்த டிஸ்க் உங்களிடமே இருக்க வேண்டும். "பழசு எதற்கு ஐயா, நாங்கள் வைத்துக்கொள்கிறோம்" என்றால் விட்டுவிடாதீர்கள்.

இனி நகலெடுப்பது. வீடு காலி செய்யும்போது கூடத்தையும் சமையலறையையும் யாரும் மறப்பதில்லை. பரணைத்தான் மறப்போம். கணினியிலும் 'டாக்குமென்ட்ஸ்' எல்லோருக்கும் நினைவிருக்கும். டெஸ்க்டாப்பில் கண்முன்னே கிடப்பவை எல்லாம் சி டிரைவில்தான் இருக்கின்றன, ஃபார்மட் செய்தால் அவையும் போகும் என்பது பலருக்குத் தெரியாது. டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் வியாபாரிகளுக்குக் கணக்கு இருப்பது பெரும்பாலும் 'பப்ளிக்' என்ற கோப்புறைக்குள். வழக்கமாக யாரும் திறந்து பார்க்காத இடம். உங்கள் பரண் எது தெரியுமா ஐயா? எழுத்துரு.

2007 ஆவணி மாதம். ஒரு அச்சகத்தின் கணினி வைரஸ் தாக்கி என்னிடம் வந்தது. மை டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டி டிரைவ் என்று ஒரு கோப்பு விடாமல் நகலெடுத்துவிட்டுத்தான் ஃபார்மட் செய்தேன். மறுநாள் காலை அச்சக உரிமையாளர் கடைக்கு வந்தார். கோபப்படவில்லை. "வந்து பார் தம்பி" என்று மட்டும் சொல்லி அழைத்துப்போனார். திரையில் பேஜ்மேக்கரில் ஒரு கல்யாணப் பத்திரிகை. மேலே பிள்ளையார் இருந்தார். கீழே நாதஸ்வரமும் தவிலும் இருந்தன. நடுவில் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் வரிசைகட்டி நின்றன. முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் பொதுமுறைதான் யூனிகோடு. அதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கிலக் குறியீடு. அதற்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு. அந்த எழுத்துரு சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில் இருக்கிறது. நான் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. அன்றே பஸ் ஏறித் திருச்சிக்குப் போய், அவருக்கு எழுத்துரு விற்ற கடையைத் தேடிப்பிடித்து, பழைய ரசீதைக் காட்டிச் சிடியை மறுபடி வாங்கிவந்தேன். இரவு எட்டரை மணிக்கு அதை நிறுவியதும் மணமகன் பெயர் திரும்பி வந்தது. அந்த நாளுக்குப் பிறகு என் கடையில் 'எழுத்துரு எடுத்தாயிற்றா' என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு கணினியையும் அழித்ததில்லை.

ஆகவே ஐயா, அந்த ஃபான்ட்ஸ் கோப்புறையைத் திறந்து, வானவில் என்று தொடங்கும் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை முன்பே எழுத்துரு போய்விட்டிருந்தாலும் குறிப்புகள் அழிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அதே எழுத்துருவை நிறுவினால் தமிழ் மீளும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள் கொண்டு உங்கள் குறிப்புகளின் நகல் ஒன்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அடித்திருப்போம். மாற்றும்போது அந்தப் பிழை அப்படியே வெளிப்படும். தமிழாசிரியர் கண்ணுக்கு அது தப்பாது. கண்மாய்க் குறிப்புகள் யூனிகோடில் இருந்தால் எந்தக் கணினியிலும் கைபேசியிலும் உங்கள் பேரப்பிள்ளைகள் திறந்து படிக்கலாம். அதற்காகவே ஒரு மாதம் செலவழித்தாலும் தகும்.

கேள்வி: விண்டோஸ் 10 இருந்த மடிக்கணினியின் பெட்டியும் சாவி எண்ணும் தொலைந்துவிட்டன. மறுபடி விண்டோஸ் போட்டால் மீண்டும் பணம் கட்ட வேண்டுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம் அம்மா. வாங்கும்போதே விண்டோஸுடன் வந்த மடிக்கணினி என்றால் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து இதுதான் வழக்கம். ஹோம் பதிப்பு இருந்தால் ஹோம் பதிப்பையே போடச் சொல்லுங்கள். இணையத்தில் இணைந்ததும் தானாக ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், உங்கள் கணினி விண்டோஸ் 11 ஏற்குமா என்பதையும் இந்த வேளையில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சர்வீஸுக்குப் போய்வந்த மடிக்கணினி, நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லை. அழித்துவிட்டு மறுபடி விண்டோஸ் போடுவதுதான் வழி என்கிறார்கள். என் குழந்தையின் படங்கள் உள்ளே இருக்கின்றன.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: யாரையும் அழிக்க விடாதீர்கள் அம்மா. அது பிட்லாக்கர் என்ற பூட்டு. புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்ததுமே அது தானாக விழுந்துவிடும். மதர்போர்டு அமைப்பில் ஏதேனும் மாறினால், யாரோ திருடிவிட்டார்கள் என்று ஐயப்பட்டுச் சாவி கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியிலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து, உங்கள் சாதனங்களின் பட்டியலில் இந்தக் கணினிக்கு உரிய மீட்புச் சாவியைப் பாருங்கள். நீலத் திரையில் தெரியும் அடையாள எண்ணும் அங்கே இருக்கும் அடையாள எண்ணும் பொருந்த வேண்டும். உங்கள் கணக்கில் இல்லையென்றால், கணினியை முதன்முதலில் திறந்து அமைத்துக்கொடுத்தவர் யார் என்று நினைவுபடுத்துங்கள். கணவர், தம்பி, பக்கத்து வீட்டுப் பையன் என்று யார் கணக்கிலும் அது இருக்கலாம். பலருக்கு இப்படித் தம்பியின் கணக்கிலிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

சாவி எங்கேயுமே கிடைக்கவில்லை என்றால் அந்தப் படங்களை எவராலும் மீட்க முடியாது. "தனி மென்பொருள் இருக்கிறது, ஐயாயிரம் கொடுங்கள்" என்று கேட்பவரிடம் பணத்தை இழக்காதீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள் இன்றைக்கே தங்கள் சாவியைத் தேடியெடுத்துத் தாளில் எழுதிவைக்க வேண்டும் என்று வேண்டிக்கேட்கிறேன்.

கேள்வி: பென் டிரைவ் தயார் செய்து விண்டோஸ் போட உட்கார்ந்தேன். எந்த டிஸ்கும் இல்லை என்று காட்டுகிறது. டிஸ்க் போய்விட்டதா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: போகவில்லை தம்பி. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த மடிக்கணினிகள் பலவற்றில், விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் டிஸ்க் மறைந்து நிற்கும். உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை (டிஸ்கை விண்டோஸுக்குக் காட்டித்தரும் சிறு மென்பொருள்), கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் வையுங்கள். 'லோட் டிரைவர்' என்பதை அழுத்தி அதைக் காட்டினால் டிஸ்க் தெரியும்.

தெரிந்த பிறகுதான் கவனம் வேண்டும். அந்தத் திரையில் சி, டி என்ற எழுத்துகள் பெரும்பாலும் இருக்காது. 'பார்ட்டிஷன் 1, 2, 3' என்று அளவுகளோடு நிற்கும். டி டிரைவ் எத்தனை ஜிபி என்று முன்பே குறித்துக்கொண்டு உட்காருங்கள். வெளியே செருகிய ஹார்டு டிஸ்க் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். நகல் எடுத்து வைத்த டிஸ்கையே தவறுதலாக அழித்துவிட்டுக் கண்கலங்கி வந்தவர்களை என் கடையில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மடிக்கணினியைத் தெரிந்தவர் ஒருவருக்கு விற்கிறேன். ஃபார்மட் செய்துவிட்டேன். அது போதுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: போதாது. சாதாரண ஃபார்மட் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைத்தான் கழற்றும். சுழலும் டிஸ்காக இருந்தால் வீட்டுக்குள் சாமான் அப்படியே கிடக்கும். மீட்பு மென்பொருள் கொண்டு வங்கிப் புத்தகப் படத்தையும் ஆதார் நகலையும் வெளியே எடுத்துவிடலாம். மறுபடி விண்டோஸில் நுழைந்து, 'ரீசெட் திஸ் பிசி' பகுதியில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்து, அமைப்புகளை மாற்றும் இடத்தில் 'கிளீன் டேட்டா' என்பதையும் 'ஆன்' செய்யுங்கள். பெரிய டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடும். சார்ஜரைச் செருகிவிட்டு, இரவு முழுவதும் ஓட விடுங்கள். காலையில் மொழியைக் கேட்கும் முதல் திரை நின்றால் வேலை முடிந்தது. உங்கள் கணக்கு எதையும் கொடுக்காமல் அந்தத் திரையிலேயே கணினியை அணைத்து, வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.