இலக்கு வைப்பதும் விடாமல் தொடர்வதும்: கேள்வி பதில்

கோண்டாவில், உயர்தர மாணவன்: அண்ணை, உயிரியல் பிரிவில் நல்லாச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் அட்டவணை போடுகிறேன். ரியூசனால் வந்தால் போனிலேயே நேரம் போய்விடுகிறது. எனக்கு மனவுறுதி இல்லையா?

மனவுறுதியைக் குறை சொல்ல வேண்டாம் தம்பி. "நல்லாச் செய்ய வேண்டும்" என்ற ஆசை, இன்று பின்னேரம் எந்தக் கொப்பியைத் திறப்பது என்று சொல்லாது. எட்வின் லொக், கரி லேதம் என்ற உளவியலாளர்கள் இருவரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். "முடிந்தளவு செய்" என்று விட்டவர்களைவிட, திட்டவட்டமான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தவர்களே கூடுதலாகச் செய்தார்கள். அதுவும் போதாது. பீற்றர் கொல்விற்சர் என்ற உளவியலாளர் 1999இல் விளக்கிய வழிதான் உமக்குத் தேவை: "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது. 2002இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றில், எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே என்று எழுதிக் கொடுத்த மாணவர்களில் 91 வீதமானோர் அந்தக் கிழமை உடற்பயிற்சி செய்தார்கள். ஊக்கமூட்டும் தகவலை மட்டும் வாசித்தவர்களில் 35 வீதம்தான்!

இப்படி எழுதி ஒட்டும்: "சைக்கிளை நிப்பாட்டினதும் போனை அம்மாவிடம் கொடுப்பேன். தேத்தண்ணி குடித்ததும் விறாந்தை மேசையில் இருந்து பத்துப் பல்தேர்வு வினா செய்வேன்." பாஸ்பேப்பரும் பேனையும் காலையிலேயே அந்த மேசையில் இருக்கட்டும்.

சுன்னாகம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: சீனி வருத்தத்துக்கு விடிய நடக்கச் சொன்னார்கள். 21 நாளில் பழகும் என்றார்கள். மழை வந்து குழம்பிவிட்டது. இனி முதலிலிருந்தா?

இல்லை ஐயா. அந்த 21 நாள் கணக்கு, மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1960இல் எழுதியதிலிருந்து பரவியது. மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது அவ்வளவு நாள் பிடித்ததைத்தான் அவர் சொன்னார். 2010இல் வெளியான லண்டன் ஆய்வில் ஒரு பழக்கம் படிய ஏறத்தாழ 66 நாள் எடுத்தது; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். அதில் எனக்குப் பிடித்த செய்தி, ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெடவில்லை என்பது. நடந்த நாட்கள் வீணாகவில்லை. நாளைக்குச் சாமிக்குப் பூ வைத்ததும் செருப்பைக் கொளுவுங்கள். மாரிக்கும் இப்போதே ஒரு முடிவு வேண்டும்: மழையென்றால் விறாந்தையில் நடை.

நல்லூர், தையல் தொழில் தொடங்கும் தங்கச்சி: எல்லோருக்கும் சொல்லிவிட்டால் வெட்கத்துக்காவது செய்வேன் அல்லவா?

கவனம். 2009இல் கொல்விற்சர் குழு சட்ட மாணவர்களையும் வைத்துச் செய்த சோதனைகளில், தங்கள் நோக்கம் பிறருக்குத் தெரிந்துவிட்ட மாணவர்கள் குறைவாகவே முயன்றார்கள். சொன்னதற்கே ஒரு மரியாதை கிடைத்துவிடுகிறதே! "இந்தக் கிழமை எத்தனை சட்டை தைத்தாய்?" என்று கேட்கக்கூடிய ஓர் அக்காவிடம் மட்டும் சொல்லும்.

மானிப்பாய், தாய்: மகன் டொக்டராக வேண்டும் என்பது எங்கள் இலக்கு. அவன் ஒட்டவே மாட்டேன் என்கிறான்.

அம்மா, "எங்கள்" என்றுதானே எழுதியிருக்கிறீர்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, தானே விரும்பி ஏற்றதைத்தான் மனிதர் நெடுங்காலம் தொடர்கிறார்கள் என்பதை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்கு என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றை எடுக்க வேண்டாம்.