8 ஜிபி ராம் போதுமா, கூட்ட வேண்டுமா?

வீட்டுக் கணினி இழுக்கிறது, 8 ஜிபி ராமை (ஓடும் வேலைகளைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) 16 ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளுக்குக் கிளம்பும் முன் ஒரு சோதனை. வழக்கம்போல குரோமில் எல்லா டேபையும் திறந்து வையுங்கள், பிள்ளையின் ஸூம் வகுப்பும் ஓடட்டும். விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி, அதாவது ராம், 90 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறதா? சரி, தாராளமாகக் கூட்டுங்கள். பாதிகூட நிரம்பவில்லை, ஆனால் டிஸ்க் 100 சதவீதத்தில் திணறுகிறது என்றால் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம்; அந்தக் காசுக்கு அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி வாங்கலாம்.

அப்புறம், டிடிஆர்4, டிடிஆர்5 என்று ராமில் தலைமுறைகள் உண்டு. டிடிஆர்4-க்கான மதர்போர்டில் டிடிஆர்5 நுழையாது, ராமின் அடியில் காடி (வெட்டு) இருக்கும் இடமே வேறு. மெல்லிய மடிக்கணினி சிலவற்றில் ராமைப் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள்; அதைக் கழற்றி மாற்ற முடியாது. கடைக்காரரிடம் மாடல் எண்ணைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.