வில்லின் நாண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வில்லுப்பாட்டு பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதில் வில்லை 'நரம்புக் கருவி' என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. போனில் ஐந்தாறு வீடியோக்கள் பார்த்தேன். மணி கேட்கிறது, குடமும் உடுக்கையும் கேட்கின்றன. நாண் தனியாகக் காதில் விழவே இல்லை. ராகம் வாசிக்க முடியாத ஒரு கயிற்றை வீணை, வயலினோடு எப்படிச் சேர்ப்பது? ஆனாலும் அந்தப் பெரிய வில்லின் மேல் ஆசை வந்துவிட்டது. எப்படிக் கற்றுக்கொள்வது?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

நாண் உங்கள் காதில் விழாததற்குப் போன்தான் காரணம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் எழும்பாது. மணியும் ஜால்ராவும் மட்டும் துலங்கும். நேரில் போனாலும் பாதிக் கதை இதுதான். நான் பார்த்த கொடைகளில், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்களில், மைக் கதை பாடும் புலவரின் வாய்க்கு நேராக இருந்தது, நாணுக்கு என்று ஒன்று வைத்து நான் பார்த்ததில்லை.

நான் நாணைக் கேட்டது கையால். குமரி மாவட்டத்தில் ஒரு முத்தாரம்மன் கொடை. குடக்காரருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பத்தடி நீள வில், தண்டு நெடுக வெண்கல மணிகள், முறுக்கி இழுத்துக் கட்டிய தோல் நாண். வில்லின் நடுவைக் குடத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடைவேளையில் குடத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார் குடக்காரர். புலவர் வீசுகோலால் நாணை ஒரே ஒரு தட்டு தட்டினார். மணிகள் சிலிர்த்து அடங்கின. அதற்குப் பிறகும் குடத்துக்குள் ஒரு முனகல் ஓடிக்கொண்டே இருந்தது, என் கையெல்லாம் கூசியது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, குடம் தாளத்துக்கு மட்டும் உரியதல்ல. வீணைக்கு எது குடமோ அதுவே வில்லுக்கும் குடம். நாணின் அதிர்வு தண்டில் இறங்கி, குடத்துக் காற்றில் போய்ப் பெருகுகிறது. குடத்தின் வாயில் பத்தி என்ற தட்டையால் அடித்து அதையே தாளமாகவும் வாசிக்கிறார்கள். ஒரே பானைக்கு இரண்டு வேலை. இப்படியொரு யோசனை எந்தக் குயவர் மனையில், எந்த வேடன் கையில் பிறந்ததோ, நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நள்ளிரவு தாண்டிப் பனி இறங்கியதும் நாண் தொய்ந்தது. தோல் அல்லவா, ஈரத்தை உறிஞ்சிவிடும். கதையை நிறுத்தாமல், பின்பாட்டுக்காரர்கள் இழுத்துக்கொண்டிருக்க, இறுக்கிக் கட்டினார்கள். ஒலி மறுபடி நிமிர்ந்தது. சுருதி உள்ள பொருளுக்குத்தானே இந்தக் கவலை எல்லாம்?

ராகம் வாசிக்க முடியாது என்கிறீர்கள். தம்புராவில் வாசிக்க முடியுமா? அதை நரம்புக் கருவி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. எது அதிர்ந்து ஒலி பிறக்கிறது என்பதுதான் கணக்கு. பிரேசிலில் கப்போயெரா ஆட்டத்துக்கு வாசிக்கும் பெரிம்பாவ் என்ற கருவியைத் தேடிப் பாருங்கள். ஆப்பிரிக்க அடிமைகளோடு கடல் கடந்து போன வில் அது. கம்பியைக் குச்சியால் தட்டுவார்கள், தண்டில் சுரைக்குடுக்கை கட்டியிருக்கும், குச்சி பிடித்த கையிலேயே ஒரு கிலுகிலுப்பையும் இருக்கும். நாண், குடம், மணி! இரண்டுக்கும் உறவு கற்பிக்க நான் வரவில்லை. வில்லைக் கையில் வைத்திருந்த மனிதர்கள் எங்கெங்கோ இருந்துகொண்டு இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதும்.

நம் பக்கத்தில் பெரும்பாணாற்றுப்படை என்ற சங்க நூலில் ஓர் இடையன் வருகிறான். குழல் ஊதிச் சலித்துப்போய், உள்ளே துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, விரலால் தெறித்துக் குறிஞ்சிப் பண் வாசிக்கிறான். வண்டுகள் அதைத் தம் இனத்தின் குரல் என்று நினைத்துக் காதுகொடுக்கின்றன. அந்த வில்யாழ்தான் இந்த வில் என்று மேடைகளில் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். அது விரலால் தெறிப்பது, இது கோலால் அடிப்பது. ஆனால் வண்டு ஏமாந்த அந்த முனகலை நான் குடத்தில் கேட்டேன் என்று மட்டும் சொல்வேன்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும், 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகமும் வில்லைக் கோயில் முற்றத்திலிருந்து மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுவந்தார்கள். பெரிய காரியம் அது. எனினும் நாணைக் கேட்க நீங்கள் போகவேண்டிய இடம் கொடைதான். சுடலைமாடன் கதையில் சாமி வரும் கட்டத்தில், புலவர் பேச்சை விட்டுவிட்டு இரண்டு கோலாலும் நாணில் இறங்குவார். அப்போது சொல்லே வேண்டியிருக்காது, சாமியாடி எழுந்துவிடுவார்.

கற்பதற்கு: நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் சித்திரை, வைகாசி, ஆடியில் கொடைகள் நடக்கும். ஒரு குழுவோடு பழகி, நாலைந்து இரவு கூடவே உட்காருங்கள். வந்த அன்றே வீசுகோலைத் தரமாட்டார்கள். கையில் ஜால்ராவோ தாளக்கட்டையோ கொடுத்து, இடப்பக்கம் உட்கார்ந்து 'ஆமா' போடச் சொல்வார்கள். தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து குடம் கைக்கெட்டும் தூரம்தான்.